கல்யாண எடிஷன்

நிலம் அளக்கிற சர்வேயருக்கு அந்த வருஷம் சுத்தம் செய்கிற பைத்தியம் பிடித்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிவியில் தெரிகிற பாசி பிடித்த கட்டடங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆரம்பித்துவிடுவார். அதுதான் விளையாட்டு. கையில் ஒரு குழாய், எதிரே அழுக்கு. யாரையும் சுட வேண்டாம், யாரிடமிருந்தும் தப்பித்து ஓட வேண்டாம். ஒரு சுவர் முழுக்கச் சுத்தமானால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் மலர்ந்த மாதிரி கல்யாண போட்டோவில்கூட மலர்ந்ததில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஊராருக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தான் மூச்சு விட நேரமில்லாமல் நேரே அடுப்படிக்குப் போவாள். காலையில் போட்ட பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடக்கும்.

"என்னங்க, குக்கர்லயாவது கொஞ்சம் தண்ணி ஊத்தி வச்சிருக்கலாம்ல?"

"இரும்மா, மொட்டை மாடியில ஒரு மூலை பாக்கி இருக்கு. பாசி போவேனாங்குது."

முதல் தடவை இதைக் கேட்டபோது அவள் உண்மையென்று நம்பி, உள்ளம் குளிர்ந்து, படியேறி மாடிக்குப் போய்ப் பார்த்தாள். பாசி பச்சைப் பசேலென்று இருந்தது. அவர் கழுவிக்கொண்டிருந்தது வேறு யார் மாடியையோ. அப்படி ஒரு வீடும் கிடையாது, அந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரனும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்வேயருக்கு ஒரு கிளப் உண்டு. அன்றைக்கு நோயாளிகள் வராத பல் டாக்டர் கிளினிக்கில், சிரிக்கிற பல் படத்துக்குக் கீழே, நாலு பேர் மேஜையில் பலகை விரித்து போர்டு கேம் ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சடங்கு நடக்கும். "இந்த வாரம் என்ன ஆடுறீங்க?" என்று டாக்டர் கேட்பார். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதற்கே பாதி மத்தியானம் போய்விடும். ஆடுவதைவிட ஆடுவதைப் பற்றிப் பேசுவதில்தான் அவர்களுக்குச் சுகம் அதிகம்.

டாக்டர்தான் மூத்தவர். மருந்து அலமாரியில் மருந்தை நகர்த்திவிட்டு கேம் பெட்டிகளை அடுக்கியிருந்தார். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காதவை. "எடையைப் பாருங்க, எடையைப் பாருங்க" என்று பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டியைக் கொடுப்பார். கொஞ்ச காலமாக அவர் ஒரு கேமில் வேறொரு கிரகத்தில் ஆறு வெட்டிக்கொண்டிருந்தார். கிளினிக் வாஷ்பேசின் குழாய் மட்டும் நெடுநாளாக ஒழுகிக்கொண்டே இருந்தது.

அடுத்தவர் கணக்கு டீச்சர். அரிய பறவைகளை அட்டைகளில் சேர்த்து, முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்க வைக்கிற கேம் அவருக்கு. வீட்டு பால்கனிக்கு ஒரு புறா வந்துவிட்டால் துடைப்பத்தோடு ஓடுவார்.

மூன்றாவது ஆள் வரிக் கணக்கு பார்க்கிற இளைஞன். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைப் பிரிப்பதால் அவனுக்கு ரூல்புக் என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த ஆட்டத்திலும் அவன் ஜெயித்ததில்லை. ஆனால் அவன் இருக்கிற மேஜையில் வேறு யாரும் சந்தோஷமாக ஜெயித்ததும் இல்லை. வீட்டில் ஒரு குகை கேம் ஆடுகிறான். "அதுல செத்துச் செத்துப் பிழைக்கிறேன்" என்பான். அவன் அலுவலகத்தில் காத்திருக்கிற வாடிக்கையாளர்களும் அதையேதான் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் புதிய பெட்டி ஒன்றைப் பிரிப்பதாக இருந்தது. அதை ஆட ஐந்து பேர் வேண்டும். சர்வேயர் மனைவியைக் கெஞ்சினார். அவளுக்கு அன்று லீவு. ஒரு தூக்கம் போடலாம் என்று தலையணையைத் தட்டிப் போட்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை வாம்மா. ஆள் குறைஞ்சா பெட்டியைப் பிரிக்க மாட்டேங்கிறார் டாக்டர்."

"அங்க ஏ.சி. இருக்கா?"

"இருக்கு."

அதற்காகப் போனாள்.

சடங்கு ஆரம்பித்தது. சர்வேயர் ஒரு மாளிகையின் முகப்பை எப்படிக் கழுவி முடித்தார், எந்த மூலையில் கறை ஒளிந்திருந்தது என்று விலாவாரியாகச் சொன்னார். "உங்க பொறுமை யாருக்குண்ணா வரும்!" என்றான் ரூல்புக். மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா ஆடிட்டு இருக்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் கலைந்த தூக்கம் அவளை விடவில்லை.

"ஒரு கேம்தான் டாக்டர். ரொம்ப நாளா ஆடுறேன்."

"அப்படியா! தீம் என்ன?"

"வீடு."

"வீடு கட்டுறதா?"

"கட்டின வீடு. காலையில எந்திரிச்சா போர்டு பூரா கலைஞ்சு கிடக்கும். சாயங்காலத்துக்குள்ள அடுக்கணும். மறுநாள் பாத்தா மறுபடி கலைஞ்சிருக்கும்."

ரூல்புக் நாற்காலியை இழுத்து முன்னால் வந்தான். "சேவ் பண்ண முடியாதா அண்ணி?"

"முடியாது. பாஸ் பண்ணவும் வழியில்லை. காய்ச்சல் வந்து படுத்தாலும் உன் டர்ன் உனக்குத்தான்."

"கொடூரமா இருக்கே!" என்றான் நாக்கில் எச்சில் ஊற.

"எத்தனை பேர் ஆடலாம்?" டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பேர்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. எங்க வீட்டுல சோலோ மோட்லதான் ஓடுது."

டீச்சர் மட்டும் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டைகளைக் கலைக்க ஆரம்பித்தார்.

"சரி, எப்படி ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கவே முடியாது டாக்டர். ஒழுங்கா ஆடினா யார் கண்ணுக்கும் தெரியாது. தோத்தா மட்டும் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஆகா!" என்று டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். "இப்படி யோசிக்கிறதுக்கு ஒரு மூளை வேணும்!"

சர்வேயர் முகம் சுருங்கிப்போயிருந்தது. "இவ்வளவு நல்ல கேமை எப்ப வாங்கின? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"வாங்கலைங்க. கல்யாணத்துல குடுத்தாங்க."

"கல்யாண எடிஷன்!" ரூல்புக் துள்ளினான். "அப்ப கடையில தேடினாலும் கிடைக்காதே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று இத்தனை பேர் இத்தனை அக்கறையாக, ஒன்றுவிடாமல், அடுத்து என்ன அடுத்து என்ன என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கேம் என்று நினைத்துக் கேட்கிறார்கள். அது தெரிந்தும், கேட்கிறார்களே என்றிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. எல்லாரும் ஆடலாம்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க சர்வேயர் அந்தப் பெட்டியைத் தேடினார். மனைவி டியூட்டிக்குப் போனதும் பீரோவைக் குடைந்தார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், பரணில் ஏறினார். கல்யாணமாகி முதல் தடவையாக அடுப்படி அலமாரியைத் திறந்தார். இறக்கிய எதையும் திரும்ப ஏற்றவில்லை. ஒரு சாயங்காலம் அவள் வந்தபோது வட்டமாக ஒரு பொருளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அதோட பீஸா?"

"அது சல்லடைங்க."

"ஓ! நம்ம வீட்டுல இருக்கா அது?"

வழக்கமாக இருந்தால் அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கியிருப்பாள். இந்தத் தடவை அடுக்கவில்லை. தாண்டித் தாண்டி நடந்தாள். பாத்திரத்தையும் தொடவில்லை, ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். துவைத்த துணி ஒரு நாற்காலியிலும் துவைக்காத துணி இன்னொரு நாற்காலியிலும் மலையாக ஏறின. எது எது என்று அவளுக்கு மட்டும் தெரியும். சர்வேயர் துவைக்காத மலையிலிருந்து சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நிலம் அளந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தார்கள். உட்கார இடமில்லை.

"இன்னும் போர்டு விரிக்கலையாம்மா?" டாக்டர் கேட்டார்.

"விரிச்சாச்சே டாக்டர். நீங்க அது மேலதான் நிக்கிறீங்க."

டாக்டர் காலுக்குக் கீழே பார்த்தார். ஒரு பனியன் இருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து நாற்காலிகளைப் பார்த்தார், பரண் சாமான்களைப் பார்த்தார், அடுப்படி வாசலில் தெரிந்த தொட்டியைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், வாயைத் திறந்தபடி நின்றார்.

டீச்சர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. "எனக்குப் போன வாரமே புரிஞ்சுபோச்சு. எங்க வீட்டுலயும் இதே கேம்தான். எனக்குக் கூடுதலா ஒரு எக்ஸ்பான்ஷன் பெட்டியும் குடுத்திருக்காங்க. மாமியார்!"

சர்வேயருக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. காதெல்லாம் சிவந்தது. "நாலு பேர் முன்னாடி இப்படியா மானத்தை வாங்குவ?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"தனியா இருக்கறப்ப சொன்னேங்க. ஹெட்போன் போட்டிருந்தீங்க."

கிளம்பிவிடலாமா என்று டாக்டர் செருப்பைத் தேடினார். ஆனால் ரூல்புக் அசையவில்லை. அவனுக்கு எல்லாமே கேம்தான். "வந்தது வந்தாச்சு. டர்ன் ஆர்டர் என்ன?" என்றான்.

ஆட ஆரம்பித்தார்கள். அதாவது பேச ஆரம்பித்தார்கள். பாத்திரம் கழுவுகிறவன் துடைக்கவும் வேண்டுமா, துடைப்பது தனி டர்னா? கரண்டி எல்லாம் சேர்ந்து ஒரு பாயின்டா, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்டா? டாக்டர் பரண் சாமான்களை எடைவாரியாகப் பிரிக்கலாம் என்றார். ரூல்புக் துணி மடிக்கிறதுக்கு ஒரு விதி எழுதி, அதற்கு ஒரு விதிவிலக்கும் எழுதினான். பெண்கள் இரண்டு பேரும் சோபாவில் இடம் ஒதுக்கி உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்றார்கள். வாக்குவாதம் முடிகிறபோது அடுப்படியில் ஒரு டம்ளர் சுத்தமாகியிருந்தது. அதுவும் டாக்டர் தண்ணீர் குடிக்கக் கழுவியது.

கடைசியில் சர்வேயர்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குக்கரை எடுத்தார். அவமானத்தில் எடுத்தார், கோபத்தில் தேய்த்தார். குழாயை எவ்வளவு வேகமாகத் திறந்தும் அடிப்பிடித்தது போகவில்லை. தண்ணீர் மட்டும் அவர் சட்டையை நனைத்தது. தேய்த்தார், பார்த்தார், மறுபடி தேய்த்தார். காது எதற்கோ காத்திருந்தது.

"முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?" என்று திரும்பிக் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள். டாக்டர் தண்ணீர் குடித்த டம்ளரைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டாள்.

அன்று சாயங்காலமே கிளப் வாட்ஸப் குழுவில் விமர்சனங்கள் வந்தன. தீம் நன்று, ஆனால் நீளம் அதிகம் என்று டாக்டர் எழுதினார். கேமில் பேலன்ஸ் இல்லை, ஒரே ஆள்மேல் எல்லாப் பாரமும் விழுகிறது, தயாரித்தவர்கள் கவனிக்க வேண்டும் என்று ரூல்புக் எழுதினான். மறுபடி ஆடலாமா என்று ஓட்டு வைத்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் சர்வேயர் கொஞ்ச நாள் மாறித்தான் போனார். பாத்திரம் கழுவினார். கழுவுவதற்கு முன் ஒரு படம், கழுவிய பின் ஒரு படம் என்று குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. "லெஜண்ட்ண்ணா நீங்க" என்றான் ரூல்புக். அடுத்தடுத்த வாரங்களில் கட்டைவிரல்கள் குறைந்தன. ஒருநாள் வாணலிப் படத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. மறுநாள் அவர் ஒரு ரயில் நிலையத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

அவள் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். ஹெட்போனைத் தன் கையாலேயே கழற்றினாள்.

"கிளினிக்குக்கு நான் போறேன். இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் நான்தான். டாக்டர்கிட்ட பேசியாச்சு."

"அப்ப நான்?"

"வீட்டுல இருங்க. சோலோ மோட்."

"நான் இல்லாம அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"டீச்சர் கேட்டாங்க. டாக்டர் தலையாட்டினார். ரூல்ல எங்கயும் தடை இல்லைன்னு உங்க தம்பி ரூல்புக் சொல்லிட்டான்."

மேஜையில் அவளைப் போல ஈவிரக்கம் இல்லாத ஆளை அந்தக் கிளப் பார்த்ததில்லை. வணிகம் செய்கிற கேம் என்றால் எல்லாத் துறைமுகத்தையும் வளைத்துப் போடுவாள். டாக்டர் கோதுமை கேட்டுக் கையேந்துவார். மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு இல்லையென்பாள். ரூல்புக் விதியைக் காட்டினால் அதே பக்கத்தின் அடுத்த வரியைக் காட்டுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்போது விடலாம் என்று அவள் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டீச்சரின் கப்பலைக் கவிழ்க்கப் போகிற நேரம் போன் அடித்தது.

"ஏம்மா, வாஷிங் மெஷின்ல சோப்புத்தூள் எந்த ஓட்டையில போடணும்? மூணு ஓட்டை இருக்கு."

"நடுவுல ஏதாவது எழுதியிருக்கா?"

"படம் போட்டிருக்கு. பூ மாதிரி ஒண்ணு."

"பூவுல போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"யாரும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுக்காரர்தான். கஸ்டமர் கேர்னு நினைச்சுக் கூப்பிடுறார்" என்றாள். கையை நீட்டி டீச்சரின் கப்பலைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.