திரைக்கு இந்தப் பக்கம்

சியோலில் ஹான்மிர் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தின் வாசற்கல்லில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது: "இங்கே ஆளைப் பார்ப்பதில்லை, கலையைக் கேட்கிறோம்." எழுதியவள் பேராசிரியை ஹேஜின். நுழைவுத் தேர்வில் மாணவருக்கும் நடுவர்களுக்கும் நடுவே கறுப்புத் திரை தொங்கவேண்டும், மாணவர் வாயைத் திறந்தால் தகுதி போயிற்று என்று விதி கொண்டுவந்தவளும் அவளே.

விதி வந்த அன்று, அவளோடு ஒரே அறையில் தங்கி கயாகும் என்ற தந்தி வாத்தியம் படித்த தோழி மியோங்சுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

"ஏண்டி, மூஞ்சிக்குத் திரை போட்டாச்சு, சரி. காதுக்கு என்னத்தப் போடுவே? ரெண்டு தந்தி தட்டினா யாரு வளர்த்த புள்ளைன்னு நமக்குத் தெரியாதா?"

அன்றோடு பேச்சு அறுந்தது. மியோங்சுக் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு ஜோன்ஜுவில் தனியாக இசைப்பள்ளி வைத்தாள். ஹேஜினுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் ஆறவே இல்லை.

இந்த வருடத் தேர்வில், திரைக்குப் பின்னால் யாரோ கயாகுமை மடியில் கிடத்தி வாசிக்கத் தொடங்கியதும் ஹேஜின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தந்தியை அழுத்தி, விட்டு, ஒரு மூச்சு தாமதித்து ஆட்டும் இடது கை. அந்தக் கமகம்! மியோங்சுக்கின் கையேதான். ஓகோ, தன் பள்ளிப் பிள்ளையை இங்கேயே அனுப்பியிருக்கிறாளா?

அடையாளம் தெரிந்தால் நடுவர் எழுந்து போய்விட வேண்டும். அதுவும் அவள் எழுதிய விதிதான். ஆனால் எழுந்தால் மியோங்சுக் சொன்னது சரியென்று ஆகிவிடுமே! உட்கார்ந்தே இருந்தாள். 'கமகம் தூக்கல், கட்டுப்பாடு இல்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்தாள். மற்ற நடுவர்கள் தாராளமாகப் போட்டும் அந்தப் பிள்ளை தேறவில்லை.

முடிவு வந்த மறுநாள் வாசலில் ஒரு பெண் அவளை நிறுத்தினாள்.

"டீச்சர், நான் தன்பி. வாண்டோ தீவுலேர்ந்து வர்றேன். பரீட்சை போயிடுச்சு. உங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னுதான்."

"உங்க டீச்சர் யாரு? ஜோன்ஜுவா?"

"ஜோன்ஜுவா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே. நீங்கதான் என் டீச்சர்!" தன்பி சிரித்தாள். "நீங்க சின்ன வயசுல வாசிச்சு ஒரு கேசட் வந்துச்சே, எங்கம்மா கடல்பாசி காயவெக்கிற கொட்டகையில அதுதான் ஓடும். கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டேன். இந்த எடம் கைக்கு வர்றதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு." தன் மணிக்கட்டின்மேல் இடது கை விரல்களை வைத்து அழுத்தினாள், விட்டாள், ஒரு மூச்சு தாமதித்து ஆட்டினாள்.

ஹேஜின் அந்த விரல்களையே பார்த்தாள். பேராசிரியை ஆனபின் கச்சிதம், கச்சிதம் என்று அவளே கைவிட்ட கமகம் அது. ஒரே அறையில் வளர்ந்த இரண்டு கைகளில் தன் கையை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கை தன் காதுக்குமா தெரியாமல் போகும்? பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

"அடுத்த வருஷம் மறுபடி பரீட்சைக்கு வாயேன்மா."

"இல்ல டீச்சர். பூசான்ல சித்தி மீன்கடைக்குப் போறேன். வேற எடமா இருந்தா, ஆள் பாத்துத் தள்ளிட்டாங்கன்னு திட்டிட்டு மறுபடி வருவேன். இங்கதான் திரை இருக்கே! யார் மேலயும் கோவமில்ல. என் கைதான் சரியில்ல. புரிஞ்சிடுச்சு, இனிமே தொட மாட்டேன்."

ஹேஜின் வாயைத் திறந்தாள். 'உன் கை சரிதான், நான்தான் கெடுத்தேன்' என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் திரை என்னாவது, வாசற்கல் என்னாவது, தன் பேர் என்னாவது?

"பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றுதான் கேட்டாள்.

தன்பி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "அம்மா காயவெச்ச பாசி. பரீட்சைக்கு வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் வாங்க மாட்டீங்கன்னு தெரியும். நான்தான் இனிமே வரப்போறதில்லையே, வாங்கிக்கலாம்ல?"

ஹேஜின் வாங்கிக்கொண்டாள்.