பாலனுக்கு ஒரு மெத்தை

எமரன்சியா டீச்சருக்கு ரெஜினா டீச்சரைப் பிடிக்காது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நான்காம் வகுப்பு ‘அ’ பிரிவு எமரன்சியாவுடையது, ‘ஆ’ பிரிவு ரெஜினாவுடையது, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. ஒவ்வொரு டிசம்பரிலும் கைதட்டல் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் கேட்கும். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

சூலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. அங்கே திருவருகைக் காலத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் மேசைமேல் ஒரு சின்ன மரத் தீவனத்தொட்டியை வைத்துவிடுவார்கள், காலியாக. பிள்ளைகள் தங்களுக்கு ஆசையான ஒன்றைப் பாலன் இயேசுவுக்காக விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் ஒறுத்தல். ஓர் ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடலாம். பிறக்கப்போகும் பாலனுக்கு அதுதான் மெத்தை. எந்த வகுப்பின் மெத்தை தடிமனாக இருக்கிறதோ, அந்த வகுப்புதான் விழாவன்று பாலன் சுரூபத்தை ஏந்திக்கொண்டு மேடைக் குடிலுக்குப் போகும். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை என்ற பேதம் இதில் கிடையாது. உண்மையைச் சொன்னால், தோட்டத்துக்காரர் வீட்டு இந்துப் பிள்ளைகள்தான் அதிகமாக வைக்கோல் போட்டார்கள். விட்டுக்கொடுக்க அவர்கள் வீட்டில்தான் நிறைய இருந்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் எமரன்சியா ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தத் தடவை பாலன் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்தே தீர வேண்டும். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் சத்தமில்லாமல் வைக்கோலைப் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் வகுப்பில் காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்து, நேற்று என்ன விட்டுக்கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வகுப்பே கைதட்டும். பெரிதாக விட்டவளுக்குப் பெரிய கைதட்டல். வீட்டில் மட்டும் மூச்சு விடக்கூடாது, சொன்னால் பலன் போய்விடும் என்றாள். பள்ளிக்கூடத்தில் கூவிச் சொன்னால் போகாத பலன் வீட்டில் சொன்னால் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்க அந்த வகுப்பில் ஆள் இல்லை. அவள் சொன்னால் வேதவாக்கு.

நந்திதா ஞாயிற்றுக்கிழமை டி.வி. படம் பார்க்கவில்லை. ஒருத்தி தேன்மிட்டாயைத் தங்கைக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி புது ரிப்பனை ஒரு நாள் கட்டிக்கொள்ளவில்லை. வைக்கோல் விழுந்துகொண்டே இருந்தது.

கடைசி வரிசையில் செவ்வந்தி இருந்தாள். ஒல்லியான பெண், வாயைத் திறந்து பேசினாலே அதிசயம். அப்பன் காளிச்சாமி கேரளப் பக்கம் கல்லுடைக்கப் போனவன், வந்தால் வருவான். அம்மா பழனியாத்தாள் தறிக்கூடத்தில் நூல் சுற்றினாள். செவ்வந்தியின் முறை வந்தபோதெல்லாம் அவள் எழுந்து நின்றாள், தலை குனிந்தாள், உட்கார்ந்தாள். அவள் வீட்டில் டி.வி. இல்லை, மிட்டாய் இல்லை. தலையில் இருந்தது ஒரே ரிப்பன், அதையும் அவிழ்த்தால் முடி கண்ணில் விழும்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள் எமரன்சியா. பிறகு ஒரு காலையில், தட்டிக்கு அந்தப் பக்கத் தொட்டி நிறைவதைப் பார்த்த எரிச்சலில், “ஏன் செவ்வந்தி, பாலனுக்குன்னு விட்டுக்கொடுக்க உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கூடவா இல்ல?” என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. யோசித்தாள்.

மறுநாள் அவளே எழுந்தாள்.

“டீச்சர், நான் நேத்து மத்தியானச் சோறு திங்கலீங்க.”

சத்துணவுச் சோறு. சாம்பார் வாசனை வந்தாலே பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சோறு. எமரன்சியாதான் முதலில் கைதட்டினாள். “பாத்தீங்களா? இதுதான் ஒறுத்தல். வலிச்சாத்தான் அது ஒறுத்தல்,” என்றாள். செவ்வந்தி முன்னால் வந்து தொட்டியில் வைக்கோலைப் போட்டபோது, அந்தப் பிள்ளையின் முகத்தில் அதற்கு முன் பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது.

அதற்கு மறுநாளும் அவள் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மதியம் வேப்பமரத்தடியில் தட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எமரன்சியாவுக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் அவள் தனக்குத்தானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக அந்த வேப்பமரம் தெரியும். தன் டிபன் பாக்ஸைத் திறந்தபோது ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள். கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லலாமா என்றும் நினைத்தாள். கூடவே, காலையில் ரெஜினாவின் தொட்டியை எட்டிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அது இவள் தொட்டியைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. சின்னப் பிள்ளை, நாலு நாளில் தானே விட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டு தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு மைதானத்தில் ஒத்திகை. செவ்வந்திக்கு ஆட்டுக்குட்டி வேஷம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு குடிலுக்குப் பக்கத்தில் நான்கு காலில் நிற்க வேண்டும். மேய்ப்பர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டுக்குட்டி சரிந்து படுத்தது. தூங்குகிற மாதிரி நடிக்கிறாள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எமரன்சியாவும் சிரித்தாள். பாட்டு முடிந்தும் ஆடு எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் தெளித்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, தலைமையாசிரியை சிஸ்டர் கிளமெண்டினாவின் அறையில் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஆளனுப்பிப் பழனியாத்தாளை வரவழைத்தார்கள். தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு ஓடிவந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

“ஏம்மா, பிள்ளைக்குக் காலைல ஒண்ணும் கொடுக்கறதில்லையா?” என்றார் சிஸ்டர். கோபமாக இல்லை, ஆனால் கேள்வி கேள்விதான்.

“டீத்தண்ணி குடிச்சுப்போட்டு வருவாளுங்க சிஸ்டர். எப்பவாச்சும் பழைய சோறு இருந்தா உண்டுங்க. மத்தியானம் இங்க வவுறு நெறையத் திங்கறாங்கற தைரியந்தானுங்க எனக்கு.”

சிஸ்டர் எமரன்சியா பக்கம் திரும்பினார். “மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடறாளா, டீச்சர்?”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். சிஸ்டர் நல்லவர், கத்திவிட்டு மறந்துவிடுவார். ஆனால் தொட்டி போய்விடும். ரெஜினாவுக்குத் தெரிந்துவிடும். எமரன்சியாவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

“சாப்பிடறா சிஸ்டர்.”

பெஞ்சில் படுத்திருந்த செவ்வந்தி டீச்சரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் இருந்தது பெருமை. நீங்க சொன்ன மாதிரியே நானும் யார்கிட்டயும் சொல்லலீங்க என்கிற பெருமை.

“எல்லாம் என்ற தப்புத்தானுங்க சிஸ்டர். நாளைக்கிருந்து காத்தால ஏதாச்சும் பண்ணிக் குடுத்துப்போடறனுங்க,” என்று பழனியாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எமரன்சியாவைப் பார்த்தும் கும்பிட்டாள். “நீங்க சொன்னா கேப்பாளுங்க டீச்சர். ஊட்லயும் எங்க டீச்சர், எங்க டீச்சருங்கறதுதான் பேச்சு.”

அன்று ராத்திரி எமரன்சியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம் தானே போய்த் தட்டில் சோறு வாங்கி, சாம்பார் ஊற்றி, செவ்வந்தியை ஆசிரியர் அறைக்குக் கூட்டிவந்தாள்.

“சாப்பிடு அம்மணி.”

செவ்வந்தி தட்டைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். கை மட்டும் மடியைவிட்டு வரவில்லை.

“இதத் தின்னுட்டா, நான் இதுவரைக்கும் போட்ட வைக்கோலத் திரும்ப எடுத்துப்போடோணுங்களா டீச்சர்?”

“இல்ல கண்ணு. யாரு சொன்னா?”

“எடுத்துப்போட்டா கொழந்தைக்கு முதுகுல குத்துமுங்களே.”

எமரன்சியா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தைத் தானே ஊட்டினாள். பிறகு பிள்ளை நிறுத்தவில்லை. அத்தனை பசி அந்தச் சின்ன உடம்புக்குள் இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ‘பாவி, பாவி’ என்று மனசு அடித்துக்கொண்டது.

விழாவன்று காலையில் தொட்டிகளைப் பார்த்தார்கள். நான்காம் வகுப்பு ‘அ’ பிரிவுதான் ஜெயித்தது. ரெஜினா டீச்சர் வந்து கைகுலுக்கி, “உங்க பிள்ளைங்க தங்கம்,” என்றாள். மனசாரத்தான் சொன்னாள், அது இன்னும் மோசம். பாலனை ஏந்திப் போக யாரை அனுப்பலாம் என்று சிஸ்டர் கேட்டபோது எமரன்சியா செவ்வந்தியின் பெயரைச் சொன்னாள். பிள்ளைக்குப் பரிசாகவா, தன் மனசாட்சிக்கு லஞ்சமாகவா என்று அவளுக்கே தெரியவில்லை. செவ்வந்தி சுரூபத்தை நெஞ்சோடு அணைத்து, அடிமேல் அடி வைத்து நடந்து, மெத்தையில் படுக்க வைத்தாள். குத்துகிறதா என்று அடியில் விரலை விட்டும் பார்த்துக்கொண்டாள். மைதானமே கைதட்டியது. இத்தனை வருஷமாக எமரன்சியா கேட்க ஏங்கிய கைதட்டல். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை நான்கு மணிக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குவது. திருநாளுக்கு முன் எல்லோரும் செய்துவிடுவது வழக்கம். எமரன்சியாவும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். ஃபாதர் கேட்டுக்கொள்வார், மெல்லிய குரலில் ஆறுதல் சொல்வார், மூன்று தடவை அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்வார். முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டு எழுந்தால் தீர்ந்தது. இத்தனை சுலபமாகத் தீருமா என்று நினைத்தபோது அவளுக்கு அந்த நிலைப்படி நினைவு வந்தது. அதில் நின்றுகொண்டு, செய்யாத தப்புக்குக் கும்பிட்ட இரண்டு கைகள். முன்னால் இன்னும் ஒருத்திதான் இருந்தாள். எமரன்சியா வரிசையைவிட்டு வெளியே வந்தாள்.

தறிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. வாசலிலேயே சத்தம் காதைப் பிளந்தது. உள்ளே தறிகள் அடித்துக்கொண்டிருக்க, மூலையில் பழனியாத்தாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

“ஏனுங்க டீச்சர்? பிள்ளைக்கு ஏதாச்சுமுங்களா?”

“ஒண்ணுமில்லைங்க. நல்லா இருக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்னங்க?”

“வெளிய வர முடியுங்களா?”

“கேக்கலீங்க டீச்சர்! சத்தமாச் சொல்லுங்க!”

எமரன்சியா கிட்டே போனாள். காதருகே குனிந்து, செவ்வந்தி மத்தியானம் சாப்பிடவே இல்லை என்றாள். பழனியாத்தாள் தலையை ஆட்டிச் சிரித்தாள், கேட்கவில்லை என்று தெரிந்தது. நெஞ்சுக்குள் முடிந்து வைத்திருந்ததை இப்படிக் கத்த வேண்டியிருக்கும் என்று எமரன்சியா நினைத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

“உங்க பொண்ண நான்தாங்க பட்டினி போட்டேன்! வைக்கோலுக்காகப் பட்டினி போட்டேன்!”

பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. கத்தியதன் பின்பாதி கூடம் முழுக்கக் கேட்டது. தறியோட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எமரன்சியா மிச்சத்தை மெதுவாகச் சொன்னாள். தொட்டியை, கைதட்டலை, தான் கேட்ட கேள்வியை, வேப்பமரத்தை, ஜன்னலை, சிஸ்டரிடம் சொன்ன பொய்யை. எதையும் குறைக்கவில்லை. திட்டட்டும், தூற்றட்டும், தலைமயிரைப் பிடித்து இழுத்தாலும் நிற்பேன் என்றுதான் வந்திருந்தாள்.

பழனியாத்தாள் திட்டவில்லை. சுற்றிய நூலைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்ப, சாயங்காலம் வந்து பசிக்குதும்மா பசிக்குதும்மான்னு அவ சொன்னது நெசமுங்களா?”

எமரன்சியா தலையை ஆட்டினாள்.

“பள்ளிக்கூடத்துல தின்னுபோட்டு வந்து ஊட்லயும் கேக்கறயாடி, பொய் சொல்றயாடின்னு அடிச்சுப்போட்டேனுங்க டீச்சர். ஒரு நாள் கரண்டிக் காம்புலயே அடிச்சுப்போட்டேன். பொய் இல்லம்மா, பொய் இல்லம்மான்னு அழுதா. அப்பக்கூட இந்தச் சங்கதிய வாயத் தொறந்து சொல்லலீங்களே.”

“அது உங்க தப்பு இல்லைங்க. எல்லாம் என் தப்பு. நான்தான் வீட்ல சொல்லக்கூடாதுன்னு...”

“நீங்க நல்லது சொல்லிக் குடுக்கோணும்னுதானுங்க சொல்லியிருப்பீங்க.” பழனியாத்தாள் தன் வலது கையை விரித்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பது மாதிரி பார்த்தாள். “அடிச்ச கை என்றதுங்களே.”

இறக்கி வைக்க வந்த பாரத்தை இன்னொருத்தி தலையிலும் ஏற்றிவிட்டோம் என்பது அப்போதுதான் எமரன்சியாவுக்கு உறைத்தது. தன்னுடையதும் ஒரு பிடி குறையவில்லை. எதற்காக வந்தோம், வராமல் இருந்திருக்கலாமா, அப்படி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பொய் சொன்னவளாகவே இருந்திருப்பாளே என்று மனசு அங்கும் இங்கும் முட்டிக்கொண்டது.

“பொழுதோட ஊட்டுக்குப் போனா வாசல்லயே நிப்பாளுங்க,” என்றாள் பழனியாத்தாள். “இன்னைக்குக் கொழந்தைய நாந்தாம்மா தூக்கிட்டுப் போனேன்னு சொல்றதுக்கு நிப்பா. அவகிட்ட நான் என்னன்னு சொல்றதுங்க டீச்சர்?”

எமரன்சியா அவளுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.

கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தறிகள் அடிக்கத் தொடங்கின. மேஸ்திரி அங்கிருந்தே கையை ஆட்டினான். பழனியாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நூல் சுற்ற உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே டீச்சரைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க எமரன்சியாவுக்குத் தைரியம் வரவில்லை.