ஆசைக் கை

மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவரின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நகக்கண்ணெல்லாம் செம்பழுப்பேறியிருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, தொட்டுத் தொட்டு மரத்தில் தேய்ப்பார்கள். ஸ்பிரிட் காற்றோடு போய்விடும், அரக்கு மரத்தோடு தங்கிவிடும். வாசனை மட்டும் தேய்த்தவர் கையோடு வீட்டுக்கு வந்துவிடும்.

நம் பாலிஷ்காரர் ஒரு காலத்தில் அந்த ஸ்பிரிட்டையே குடித்தவர். கடையில் வாங்க வழியில்லாத நாளில் பட்டறை டின்னிலிருந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். கண் போய்விடும் என்று தெரியும், குடல் வெந்துவிடும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மகள் சின்னவளாக இருந்தபோது அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓடி வருவாள். முதலில் கையை மோந்து பார்ப்பாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு வாயை மோந்து பார்ப்பாள். அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்குக் குரல் கொடுப்பாள்.

"அம்மா, இன்னிக்குக் கையில மட்டும்தான்!"

அன்றைக்கு வீட்டில் சிரிப்பு இருக்கும். "வாயிலயும்மா" என்று சத்தமில்லாமல் சொல்கிற நாளில், அம்மா பீங்கான் தட்டுகளை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைப்பாள். போகப் போகத் தட்டுகள் மேல்தட்டிலேயே குடியிருந்தன. மகளும் மோந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். தெரிந்ததை எதற்கு மோந்து பார்ப்பது?

அம்மா காய்ச்சலில் படுத்து, அது நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய மத்தியானத்தில், அவர் பட்டறை மூலையில் மரத்தூள்மேல் நினைவில்லாமல் கிடந்தார். தேடி வந்தவர்கள் தட்டியும் எழுப்பியும் பார்த்துவிட்டு, அடக்கத்துக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்கள். எழுந்தபோது மனைவி மண்ணுக்குள் இருந்தாள். மகளை அவளுடைய தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் விழுந்த பள்ளங்களையெல்லாம் சொல்லி உங்கள் மனசை நோகடிக்க மாட்டேன். கடைசியில் ஒரு தேவாலயத்துப் பின்கட்டில், குடியை விட முயல்கிறவர்களுக்கென்று இருந்த இல்லத்தில் ஒதுங்கினார். கை நடுக்கம் நின்று, சோறு வயிற்றில் தங்க ஆரம்பித்தபோது, போதகர் அவரை ஜெபிக்கச் சொன்னார்.

"வாய் வரலைங்க ஐயா. வாயைத் திறந்தா நான் சொன்ன பொய்யெல்லாம்தான் வரிசையா நிக்குது."

"அப்போ வாயை மூடிக்கிட்டுக் கையால ஜெபம் பண்ணுங்க. நம்ம ஆண்டவரும் தச்சர் வீட்டுல வளர்ந்தவர்தானே, மரம் தேய்க்கிற சத்தம் அவருக்குப் பழக்கம்" என்றார் போதகர்.

தெருக்கோடியில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்த, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்ணிடம் போதகரே கூட்டிப் போனார். அக்காவின் புருஷன் குடித்தே செத்தவன். அதனால் இல்லத்திலிருந்து வருகிறவர்களைத்தான் அக்கா வேலைக்கு வைப்பாள்.

"அக்கா, என்னை ஸ்பிரிட் பக்கம் விடாதீங்க. உப்புத்தாள் தேய்க்கிறேன், கூட்டிப் பெருக்குறேன்."

"பெருக்க எனக்குக் கை இல்லையா? பாலிஷ் தெரிஞ்ச ஆளு பாலிஷ் போடணும். உங்களைக் கெடுத்த சனியனை வச்சே நாலு பேர் வீட்டுச் சாமானைப் பளபளக்க வைங்க. டின் பூட்டியிருக்கும், சாவி என் இடுப்புல இருக்கும். என்னைக் கொன்னாத்தான் எடுக்கலாம். அதுக்கு உங்க உடம்புல தெம்பு இருக்கான்னு பாத்துக்குங்க."

வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

காலையில் அக்கா அன்றைய வேலைக்கு வேண்டியதைச் சின்னக் குப்பியில் ஊற்றித் தருவாள். வாசனை மூக்கில் ஏறும்போது ஆரம்பத்தில் அவருக்கு நாக்கடியில் எச்சில் ஊறும். அப்போதெல்லாம் பஞ்சை நனைத்து அவசரமாக மரத்தில் வைத்துவிடுவார். தொட்டிலாக இருந்தால் அதில் படுக்கப்போகும் குழந்தைக்காகத் தேய்ப்பார். சாப்பாட்டு மேசையாக இருந்தால் அதைச் சுற்றி உட்காருகிறவர்கள் சண்டை போடாமல் சாப்பிட வேண்டுமே என்று தேய்ப்பார். சவப்பெட்டியும் வரும். அதைத் தேய்க்கும்போது எப்போதும் ஒரே முகம்தான் கண்முன் நிற்கும். தன் மனைவி படுத்துப்போன பெட்டியை யார் தேய்த்தார்களோ, சரியாகத் தேய்த்தார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொள்வார்.

அந்தப் பட்டறையில் ஒரு பூச்சுக்கு ஒரு கை என்று பேர். வேலை முடிந்தது என்று தெரிந்த பிறகும் மனசு கேட்காமல் இன்னொன்று போடுவோம் பாருங்கள், அதற்கு அக்கா வைத்த பேர் ஆசைக் கை. "ஆசைக் கை போட்டீங்க, தொலைச்சிடுவேன்" என்பாள். அப்படிப் போட்ட பூச்சுதான் காயாமல் பிசுபிசுக்கும், தூசியைப் பிடிக்கும்.

இப்படி வருஷங்கள் போயின. ஒருநாள், மகளை வளர்த்த மைத்துனர் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம், மாப்ளே. இந்தத் தேவாலயத்துலதான், வர்ற சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்தச் சபை. வேற வழியில்ல, அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

பாலிஷ்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் குடியை விட்டு ரொம்ப நாளாச்சு, மச்சான்."

"நல்லது. எத்தனையோ தடவை விட்டிருக்கீங்க. நீங்க செய்ய வேண்டிய சீர் ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு அந்தப் பக்கம் வந்துடாதீங்க."

அவர் போன பிறகு பாலிஷ்காரர் வெகுநேரம் ஒரே நாற்காலிக் காலையே தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும், 'அப்பா குடிக்கல' என்று. அதற்காகத்தான் இத்தனை காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தேவாலயத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட ஒரு நீளப் பலகை உண்டு. மெத்தை கிடையாது, வெறும் மரம். அது வெளிறிப்போயிருந்தது. அதைத் தேய்த்துத் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, போதகர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமல் சரி என்றார். பலகையைத் தரையோடு ஆணியடித்திருந்தார்கள், அங்கேயே வைத்துத்தான் தேய்க்க வேண்டும். அக்கா டின்னை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து சாவியையும் கழற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, சாவி..."

"நானும் எத்தனை நாளைக்கு இதைச் சுமக்கிறது? இடுப்பு வலிக்குதுய்யா. போங்க."

வியாழனும் வெள்ளியும் ஆளில்லாத ஆலயத்தில் அவரும் அந்த டின்னும்தான். ஒரு வாய் குடித்தாலும் யாருக்கும் தெரியாது. அவர் பலகையைத்தான் நனைத்தார். பெண் மண்டியிடும் இடது பக்கத்தை, பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்தார். வெள்ளி மத்தியானம் வேலை முடிந்தது. பலகையில் ஜன்னல் தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது தூறல். டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வந்தவர், பலகையை ஒரு தடவை பார்த்தார். ஈரக்காற்றில் இடது பக்கம் லேசாகப் பூத்திருந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சுப் போல வெள்ளையாக ஒரு திட்டு. வெயில் வந்தால் தானே போய்விடும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், என் பிள்ளை மண்டியிடுகிற இடத்திலா என்று மனசு அடித்துக்கொண்டது. பஞ்சை நனைத்து, மெலிசாக, ஒரே ஒரு கை போட்டார்.

போட்டவர் போயிருக்கலாம். வெள்ளை உடுப்பில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்துக் கதவின் இடுக்கில் நின்றுவிட்டார்.

வந்தாள். அம்மாவின் நடை அப்படியே இருந்தது. தாய்மாமன் கையைப் பிடித்து வந்தாள். மண்டியிட்டாள். போதகர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எழுந்திருக்கச் சொன்னபோது பெண்ணால் எழுந்திருக்க முடியவில்லை. உடுப்பு பலகையோடு ஒட்டியிருந்தது. இழுத்தாள். பசை விடுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. திரும்பி நின்றபோது, வெள்ளைத் துணியில் முழங்கால் இரண்டிலும் செம்பழுப்பாகக் கறை.

"ஐயையோ, உடுப்பு பட்டுப்போல இருந்துச்சே!" என்றது ஒரு பெண் குரல்.

"எந்தக் கூறுகெட்டவன் இன்னிக்குப் போய்ப் பெயின்ட் அடிச்சான்?" என்றது ஓர் ஆண் குரல்.

பாலிஷ்காரர் குனிந்து டின்னை எடுத்துக்கொண்டார். பாட்டு முடிந்து கூட்டம் வெளியே இறங்கும்போது மைத்துனர் பக்கத்துக் கதவைத் திறந்தார். எதிரே இவர், கையில் டின்னோடு. ஸ்பிரிட் வாசனை அவர் முகத்தில் அடித்தது.

"இன்னிக்குக் கூடவாய்யா? இன்னிக்கு ஒருநாள் கூட உன்னால இருக்க முடியலையா? டின்னோட வந்து நிக்கிறியே, வெட்கமா இல்ல?"

"இல்ல மச்சான், இது வந்து... பலகைக்கு..."

"வாயைத் திறக்காத! நாத்தம் குடலைப் புடுங்குது."

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அப்போது மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கறைபட்ட உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் வலது கையை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு எட்டி, அவர் வாய்க்கருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு விடுங்கப்பா" என்றாள்.

விட்டார்.

"கையில மட்டும்தான், மாமா" என்றாள் மகள்.

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். பாலிஷ்காரர் அந்த வார்த்தையை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். இதற்காகத்தானே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே! மகள் அவர் கையை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது.

"நிஜமாவே விட்டுட்டீங்களாப்பா?"

"விட்டுட்டேம்மா."

"முடிஞ்சிருக்கு பாருங்க, உங்களால." செம்பழுப்பேறிய அந்த நகங்களைப் பார்த்தாள். "அம்மா இருந்தப்போ முடிஞ்சிருக்கலாமேப்பா. நீங்க குடிகாரராவே இருந்திருந்தாக்கூட, உங்களால முடியல, பாவம்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

அவர் கையை மெதுவாக, உடையக்கூடிய எதையோ இறக்கி வைப்பது போல விட்டாள். போய்க் காரில் ஏறினாள். கார் திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்ணாடியில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, தெரிந்திருக்காது.

எல்லோரும் போன பிறகு ஆலயத்தில் அவர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். பாலிஷில் இரண்டு முழங்கால் தடம் பதிந்திருந்தது. துணியின் நெசவுகூடத் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். டின் பக்கத்திலேயே இருந்தது. சாவியும் இருந்தது. இன்றைக்கு ஒரு வாய் குடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று உள்ளே ஒன்று சொன்னது. பழைய குரல்தான், நல்ல பழக்கமானது.

அக்கா வந்து பின்னால் நின்றாள். நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஆசைக் கை போட்டீங்களா?"

"ஆமாக்கா."

அக்கா திட்டவில்லை. கீழே உட்கார்ந்து அந்தத் தடத்தை அவளும் பார்த்தாள். "இந்தப் பலகையைக் கழட்டிடுவோம். வேற செஞ்சு போட்டுடலாம். இதை நீங்களே வச்சுக்குங்க."

அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு சாகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"அடுத்த கல்யாணம் எப்போக்கா?"

"வர்ற வாரம்னு போதகர் சொன்னார். யாரோ தாய் தகப்பன் இல்லாத பொண்ணாம்."

பாலிஷ்காரர் எழுந்து உப்புத்தாளை மடித்தார். முதல் இழுப்பு இழுக்கும்போது வாய்விட்டு அழுதுவிட்டார். ஆனாலும் கை நிற்கவில்லை. வலது தடம் போயிற்று. இடது தடமும் போயிற்று. தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு டின்னைத் திறந்து, பஞ்சை நனைத்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக முதல் கை போட்டார். அது காயும்வரை காத்திருந்து அடுத்த கை போட்டார். வெளியே தூறல் நிற்கவில்லை. இடது ஓரத்தில் மறுபடியும் லேசாக வெள்ளை பூத்தது. அதைப் பார்த்துக்கொண்டே டின்னை மூடிப் பூட்டி, சாவியை அக்காவிடம் நீட்டினார்.

"ஓரத்துல பூத்திருக்கே" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா. வெயில் வந்தா போயிடும்."