கைடு குரல்

ஆம்னி வேனின் பின்கதவு இரண்டாவது பாட்டிலேயே கிடுகிடுக்க ஆரம்பித்துவிட்டது. கோகுலகிருஷ்ணன் பாட்டை நிறுத்தாமலே பின்சீட்டுக்குத் தாவி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே பிஸ்கட் அட்டை ஒன்றை மடித்துச் செருகினான். கிடுகிடுப்பு நின்றது. அடுத்த பேஸ் அடி விழுந்ததும் ஜன்னல் கண்ணாடி ஆரம்பித்தது.

"உக்காருடா. வண்டிய ரிப்பேர் பண்றியா, பாட்டு கேக்குறியா?" என்றான் பிரான்சிஸ், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டுடியோவில் கேட்கும் பாட்டை நம்பக் கூடாது என்பது கோகுல் இந்தத் தொழிலில் கற்ற முதல் பாடம். ஸ்டுடியோ ஸ்பீக்கர்கள் ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியாகப் பிரித்துத் தட்டில் வைத்துக் கொடுப்பவை. ஜனங்கள் அப்படியா கேட்கிறார்கள்? பஸ்ஸில் கேட்கிறார்கள், டிராக்டரில் கேட்கிறார்கள், சட்டைப் பையில் கிடக்கும் செல்போனில் கேட்கிறார்கள். இஞ்சினின் உறுமலும் பாட்டின் பேஸும் ஒரே தாழ்ந்த தளத்தில் ஓடுபவை. ஓடுகிற வண்டியில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த முட்டலில் முதலில் அடிபடுவது சொற்கள்தான். அதனால் எந்தப் பாட்டையும் வெளியே விடுவதற்கு முன் வண்டியில் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். சொல் பிழைத்து வந்தால் பாட்டு பிழைத்துக்கொள்ளும்.

விழுப்புரத்தில் ஒரு மாடி அறைதான் அவர்கள் ஸ்டுடியோ. மைக், கம்ப்யூட்டர், ஒலிப்பதிவு எல்லாம் கோகுல் பொறுப்பு. பாட்டு எழுதுவதும் ராப் பாடுவதும் பிரான்சிஸ். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. பிரான்சிஸ் முகையூர்க்காரன். அவன் எழுதிய எட்டுப் பாட்டும் ஆண்டவரைப் பற்றியவை. ஆனால் மாதா கோயிலில் கேட்கிற மாதிரி ஆர்மோனியமும் தபேலாவும் கிடையாது. டிரம் மெஷின் தடதடக்கும், அதன்மேல் பிரான்சிஸ் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போவான், பல்லவி வரும்போது அவன் அக்கா ஜெசிந்தாவின் குரல் ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் உள்ளே வரும். ஜெசிந்தா கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருக்கிறாள். அவள் போகும் ஜெபக்கூடத்தில் இன்று மதியம் முழு ஆல்பத்தையும் போட்டுக் காட்டப் போகிறார்கள். நாளைக் காலை பாட்டுகளை வெளியிடும் கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும்.

எட்டில் ஒரு பாட்டில் மட்டும் பிரான்சிஸின் குரல் இல்லை. ஏழாவது பாட்டு. அதில் இருப்பது கோகுலின் குரல். அந்தப் பாட்டு நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பாட்டுப் பதிவில் கைடு என்று ஒன்று உண்டு. தச்சர் பலகையில் போடுகிற பென்சில் கோடு மாதிரி. யாராவது ஒருவர் பாட்டைத் தோராயமாகப் பாடி வைப்பார்கள். வாத்தியங்களை அதன் மேல் அடுக்குவார்கள். கடைசியில் உண்மையான பாடகர் வந்து பாடியதும் கைடை அழித்துவிடுவார்கள். தாளம் தவறாதவன் என்பதால் எல்லாக் கைடுகளையும் கோகுல்தான் பாடுவான். ஏழாவது பாட்டுக்குப் பாடிய அன்று, கஷ்டகாலத்தில் ஆண்டவரைக் கூப்பிடுவதைப் பற்றிய நான்கு வரியைப் பிரான்சிஸ் இன்னும் எழுதியிருக்கவில்லை. "எதையாச்சும் போட்டு நெரப்புடா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான்.

மைக் முன்னால் நிற்பதற்குச் சற்று முன்புதான் கோகுலின் அம்மா பாஞ்சாலி போனில் கூப்பிட்டிருந்தாள். மயிலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் நிலம். பறித்த வேர்க்கடலை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டை, முழுக்கக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. "மானம் கறுத்துக்கினு வருதுடா. தார்பாய எங்க வச்ச?" மோட்டார் கொட்டாயில் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டு அவன் ஹெட்போனை மாட்டினான். ஜன்னலில்லாத அந்த அறையில் நின்றால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. மனசு களத்திலேயே கிடந்தது. வெற்று நான்கு வரி வந்தபோது வாய் தானாகத் திறந்தது.

*மானம் கறுத்துக்கினு வருது ஆண்டவரே*
*மல்லாட்டை களத்துல கெடக்குது ஆண்டவரே*
*ஓடுறேன் தேடுறேன் கைக்கு ஒண்ணும் ஆப்புடல*
*தார்பாய எங்க வச்சேன் சொல்லு ஆண்டவரே*

கிறிஸ்தவப் பாட்டு என்பதால் 'ஆண்டவரே' சேர்த்துக்கொண்டான். மற்றதெல்லாம் அம்மாவுடையது. பிரான்சிஸ் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொருவாட்டி போடு" என்றான்.

அதே வரிகளைப் பிரான்சிஸ் மூன்று நாள் பாடிப் பார்த்தான். ஒட்டவில்லை. ஏன் என்று கோகுலுக்குத் தெரியும். பிரான்சிஸ் ஒவ்வொரு சொல்லையும் தாள அடியின் உச்சியில் சரியாக இறக்குவான், பரீட்சை எழுதுகிறவன் மாதிரி. கோகுலின் சொற்கள் அடிக்கு ஒரு இழை பின்னால் வந்தன, ஓடி இளைத்தவன் பேசுவதுபோல. இன்னொன்று, மூச்சு. வழக்கமாக வரிக்கு வரி நடுவில் கேட்கும் மூச்சை வெட்டி எடுத்துவிடுவார்கள். கைடுதானே, அழியப்போவதுதானே என்று கோகுல் தன் மூச்சை வெட்டாமல் விட்டிருந்தான். 'தார்பாய' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு வரும். அதைக் கேட்டதுமே அடுத்து வரப்போவது என்ன மாதிரியான சொல் என்று தெரிந்துவிடும். சொல் பொய் பேசலாம், அதற்கு முந்தைய மூச்சுக்குப் பொய் வராது.

அந்தக் களம் அன்று என்ன ஆயிற்று என்று மட்டும் அவன் கேட்கவே இல்லை. இரண்டு மாதமாக ஊருக்கும் போகவில்லை. மல்லாட்டை நனையாமல் இருந்தால் வீட்டில் சொல்ல ஒன்றுமிருக்காது. நனைந்திருந்தால் சொல்ல மாட்டார்கள். அம்மா தினமும் கூப்பிடுகிறாள், சாப்பிட்டாயா என்கிறாள், வைத்துவிடுகிறாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ஐந்தாவது பாட்டு சட்டென்று தானே அடங்கியது. கோகுலின் போனில்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பு வந்தால் போன் பாட்டை ஒதுக்கிவிட்டு அதே ஸ்பீக்கரில் அழைப்பைக் கொடுக்கும். அவன் பச்சையைத் தொட்டான். வண்டி முழுக்க ஒரு மூச்சுச் சத்தம், அதன் பின்னால்:

"முருகா! கோகுலு, சாப்ட்டியா?"

பாஞ்சாலிக்குப் போனில் ஹலோ கிடையாது. யார் பேசினாலும், கேஸ் கம்பெனியே கூப்பிட்டாலும், மூச்சை இழுத்து முருகா என்றுதான் ஆரம்பிப்பாள்.

"சாப்ட்டேம்மா."

"எங்க கீற, ஒரே எரைச்சலா கீது?"

"திண்டிவனம் போய்க்கினுகீறேன், வேலையா." களத்தைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. "அம்மா…"

"போனவாட்டி மாதிரி வெறும் டீய குடிச்சிட்டுத் திரியாத. வக்கிறேன்."

பிரான்சிஸ் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "சபையில இருக்கறப்ப அம்மா கூப்ட்டுடப் போறாங்க மச்சான். ஸ்தோத்திரம்னு சொல்ற எடத்துல முருகான்னு கேட்டா மூப்பர் ராயப்பன் ஐயா நாற்காலியோட சாஞ்சிடுவாரு." சிரிப்பு அடங்கியதும், "சரி, என்ன முடிவு பண்ண? பேரு?" என்றான்.

அதுதான் விஷயம். கம்பெனிக்குப் பாட்டை அனுப்பும்போது பாடியவர் பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பெயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டு எல்லாச் செயலிகளுக்கும் போய்விடும். பிறகு மாற்றுவது பேஜாரு. கோகுலகிருஷ்ணன் என்று போட்டால் ஊரில் மதம் மாறிவிட்டான் என்பார்கள். அப்பா சீனுவாசன் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் மலைக்குக் காவடி எடுப்பவர். அவர் காதில் விழும். போடாவிட்டால் அந்தக் குரல் என்றைக்கும் பிரான்சிஸுடையது.

"ஜி.கே.ன்னு போட்டுடலாமா? ராப்பர் பேரு மாதிரியே இருக்கும்" என்றான் பிரான்சிஸ்.

"பொது அறிவு புக்கு மாதிரி இருக்கு."

"அப்ப நீயே சொல்லு. எனக்குத் திருட்டுப் பேரு வேணாம்டா. அக்காவும் அதான் சொல்லுது. ஆனா உன் வீட்டுல பிரச்சனைன்னா நான் பாடுனதாவே இருக்கட்டும். ரெண்டுத்துல ஒண்ணு, இன்னிக்கே."

கோகுல் கண்ணாடிக்கு அட்டை செருகினான். கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் பிரிகிற ரோடு வந்தது, போனது. ஏழாவது பாட்டு தொடங்கியபோது அவன் அதைத் தாண்டி எட்டுக்கு நகர்த்தினான். பிரான்சிஸ் அதைப் பார்த்தான்.

ஜெபக்கூடம் தகரக் கூரை போட்டது. அறுபது எழுபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். முன்வரிசையில் சபை மூப்பர் ராயப்பன், கூட்டேரிப்பட்டுப் பக்கம் பயிர் வைக்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு. தகரம் என்றால் ஓசை தெறிக்கும். கோகுல் மிக்ஸரில் மேல் ஓசைகளைக் குறைத்தான், ஸ்பீக்கர்களை உள்பக்கமாகத் திருப்பி வைத்தான், போனிலிருந்து வயரை இழுத்துச் செருகினான். எல்லாம் முடிந்தும் எதையாவது திருகிக்கொண்டே இருந்தான். "தம்பி, கைய எடு, போதும்" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

முதல் பாட்டுகளுக்குப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது பாட்டில் ராயப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வந்தது. மானம் கறுத்துக்கினு வருது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மல்லாட்டை. சிரிப்பு நின்றது. தார்பாய்க்கு முந்தைய மூச்சு தகரக் கூரைக்குக் கீழே பெரிதாகக் கேட்டது. தூணோரம் இருந்த ஒரு அம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். காய்ந்த கேப்பையோ மல்லாட்டையோ பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிற எல்லோருக்கும் அந்த ஓட்டம் காலில் இருக்கிறது.

பாட்டு முடிந்ததும் ராயப்பன் கையைத் தூக்கினார். கோகுல் எட்டாவது பாட்டை நிறுத்தினான்.

"இது நம்ம பிரான்சிஸ் கொரலு இல்லியே. யாருது?"

பிரான்சிஸ் கோகுலைப் பார்த்தான். ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

"என்னுதுங்க ஐயா," என்றான் கோகுல். "பேரு கோகுலகிருஷ்ணன்."

கூடத்தில் சின்னதாக ஒரு சலசலப்பு. ராயப்பன் திரும்பிப் பார்த்ததும் அது நின்றது.

"எந்த சபைப்பா நீ?"

"சபை இல்லீங்க. மயிலம்."

ராயப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முழுசாக அவன் பக்கம் உட்கார்ந்தார். இப்போது கேட்கப்போகிறார், கிறிஸ்தவப் பாட்டை நீ ஏன் பாடினாய் என்று. கோகுல் பதிலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மல்லாட்டை நனைஞ்சிடுச்சா?" என்றார் அவர்.

"என்னங்கய்யா?"

"பாட்டுல கடைசி வரைக்கும் சொல்லலியே. தார்பா ஆப்புட்டுச்சா இல்லியா?"

"தெரியலைங்க," என்றான். "நான் கேக்கல."

"கேக்கலியா!" தூணோரம் நின்ற அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்ல புள்ளடா நீ! இங்க எங்களயெல்லாம் ஓட உட்டுட்டு. கேளு. இப்பவே கேளு."

கோகுல் போனை எடுத்தான். அம்மாவின் எண்ணைத் தொட்டுவிட்டுக் காதுக்குக் கொண்டு போன பிறகுதான், வயர் இன்னும் மிக்ஸரில் இருப்பது தெரிந்தது. அழைப்பு மணி அவன் காதில் கேட்கவில்லை. இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் கேட்டது, கூடம் முழுக்க. பிரான்சிஸ் கண்ணை அகல விரித்து மிக்ஸரைக் காட்டினான். அங்கே ஒரு குமிழ் இருக்கிறது. கீழே ஒரு விரல் அகலம் இழுத்தால் போதும், ஓசை அற்றுப்போகும்.

கோகுல் விரலை அதன்மேல் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராயப்பன் முன்னால் சாய்ந்திருந்தார். அந்த அம்மாள் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே எங்கோ லாரி போகிற உறுமல் தகரத்தில் லேசாக அதிர்ந்து அடங்கியது. அவன் விரல் குமிழின்மேல் அப்படியே இருந்தது, இழுக்கவில்லை.

மணி நின்றது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், கூரை வரைக்கும், பாஞ்சாலி மூச்சை இழுக்கும் சத்தம் எழுந்தது.