மேல்கட்டத்துத் தணிகாசலம்

செங்கமலத்தின் தலைக்கு மேலே தணிகாசலம் வேலை செய்தார். அவர் இருந்தது கும்பகோணத்தில். அவள் இருந்தது சென்னிமலையில். ஆனால் காலைக் கூட்டத்தின்போது திரையில் அவர் கட்டம் மேலேயும் அவள் கட்டம் அதற்கு நேர் கீழேயும் வரும். ஆகவே அவர் டம்ளரிலிருந்து தண்ணீர் சிந்தினால் அது அவள் மேல்தான் விழும்.

இதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. செங்கமலம் கூட்டத்துக்குக் குடை எடுத்துக்கொண்டு வருவாள்.

"என்னம்மா கமலம், குடையோட உக்காந்திருக்கே?" என்று முதலாளி கேட்டார்.

"மேல தணிகாசலம் சார் தண்ணி குடிக்கறாருங்க."

"குடிக்கட்டும்" என்றார் முதலாளி.

கம்பெனியின் பெயர் நித்திரை. இணையத்தில் போர்வையும் படுக்கை விரிப்பும் விற்றார்கள். கடை கிடையாது, ஆபீசும் கிடையாது. முதலாளி முத்துரத்தினம் கரூரில் தன் வீட்டு மாடியில் இருந்தார். அவர் கட்டம் மேல் வரிசையில், தணிகாசலத்துக்குப் பக்கத்தில். ஆர்டர்களை அனுப்பிவைக்கும் ஹபீபா பள்ளப்பட்டியில் இருந்தாள். அவள் கட்டம் கீழ் வரிசையில், செங்கமலத்துக்குப் பக்கத்தில். தணிகாசலம் போர்வைகளைப் பற்றி எழுதுவார். வாங்கியவர்கள் சொல்லும் குறைகளுக்குச் செங்கமலம் பதில் எழுதுவாள். சாயம் போகிறது. நீளம் போதவில்லை. போர்த்திக்கொண்டால் அழுகை வருகிறது. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. இடுப்புக்குக் கீழே யாரையும் யாருக்கும் தெரியாது.

செங்கமலம் தனியாக இருந்தாள். கணவர் என்று ஒருவர் இருந்தார். அவர் திருப்பூரில் வேறொரு வீட்டில் நன்றாக இருந்தார்.

தணிகாசலம் கூட்டத்தில் நிறையப் பேசுவார். கையை ஆட்டி, சிரித்து, தலையைச் சாய்த்துப் பேசுவார். ஒரு வார்த்தையும் கேட்காது. "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று எல்லோரும் கத்துவார்கள். அவர் மைக்கைப் போடுவதற்குள் பேசி முடித்திருப்பார். மைக்கைப் போட்டதும், "அவ்வளவுதாங்க" என்பார்.

சேர்ந்து வேலை செய்வதற்கென்று முதலாளி ஒரு புது மென்பொருள் வாங்கினார். அதன் பெயர் கூட்டாளி. காலைக் கூட்டமும் அதிலேயே நடந்தது. அதில் எல்லோருக்கும் ஒரே பக்கம். ஒருவர் எழுதுவதை மற்றவர்கள் பார்க்கலாம், திருத்தலாம். ஆளுக்கொரு நிறத்தில் ஒரு சின்னக் குச்சி, அதன் மேல் பெயர். குச்சி எங்கே நிற்கிறதோ ஆள் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

செங்கமலத்துக்குப் பச்சைக் குச்சி. தணிகாசலத்துக்கு மஞ்சள். பச்சைக் குச்சி எழுதிக்கொண்டே போகும். மஞ்சள் குச்சி கொஞ்சம் பின்னால் வந்து, அவள் போட்ட சின்ன 'ர'வைப் பெரிய 'ற'வாக்கிவிட்டு நிற்கும். ஊட்டியிலிருந்து ஒருவர் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். போர்வைக்குள் ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று செங்கமலம் பதில் எழுதினாள். மஞ்சள் குச்சி வந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தது. 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அது ஊட்டிக்காரருக்கு எழுதிய வரி. செங்கமலம் அதை அனுப்பாமல் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு காலையில் தணிகாசலம் உறைந்துவிட்டார்.

வாய் பாதி திறந்திருந்தது. டம்ளர் சாய்ந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நெட் போயிருக்கும். வந்துருவாரு" என்றார் முதலாளி.

வரவில்லை. மறுநாளும் அப்படியே இருந்தார். அடுத்த வாரமும் அதே சட்டை, அதே சொட்டு. ஆனால் அவர் வேலை நடந்தது. புதுப் போர்வைகளைப் பற்றிய குறிப்புகள் கூட்டாளியில் தாமாகவே வந்து விழுந்தன. அவர் பெயருக்கு நேரே எல்லாம் முடிந்ததாகக் காட்டியது. விற்பனை கூடியது.

"தணிகாசலத்தைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார் முதலாளி. "வாயே திறக்கறதில்ல. வேலை நடக்குது."

"வாய் திறந்துதாங்க இருக்குது" என்றாள் செங்கமலம்.

"பேசல இல்ல?"

செங்கமலம் நிமிர்ந்து அந்தச் சொட்டைப் பார்த்தாள்.

மஞ்சள் குச்சி ஒரு வரியின் நடுவில் நின்றுவிட்டிருந்தது. 'இந்தப் போர்வை உங்களைத் த' என்பதோடு சரி. அந்த வரியை யாரும் முடிக்கவில்லை. செங்கமலம் தன் வேலையைச் செய்தாள். சின்ன 'ர'க்கள் சின்ன 'ர'க்களாகவே போய்ச் சேர்ந்தன. தலை நனையவில்லை. குடையை மடக்கி வைக்கலாம். அவள் விரித்தே வைத்திருந்தாள்.

அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. படத்திலிருந்த தணிகாசலம் அசையவில்லை.

"அவரு அட்ரஸ் இருக்குதுங்களா?" என்று முதலாளியைக் கேட்டாள்.

"கும்பகோணம்."

"கும்பகோணத்துல எங்கீங்க?"

முதலாளி யோசித்தார். "மேல் வரிசை. வலது பக்கம்" என்றார்.

அது சரியான விலாசமாகத்தான் இருந்தது. செங்கமலம் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஹபீபா, உங்க வீட்ல ஏணி இருக்குதா?"

"இருக்குக்கா. வாப்பா பரண்ல ஏறுறதுக்கு வாங்குனது."

ஏணி பள்ளப்பட்டியிலிருந்து பக்கவாட்டில் வந்தது. நடுவில் கொஞ்சம் வளைந்து, இந்தப் பக்கம் வந்ததும் நேரானது.

"நீயும் வர்றியா?"

"ஆர்டர் இருக்குக்கா. பத்திரமா ஏறுங்க."

செங்கமலம் ஏறினாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் திரையில் நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு உண்டு. மேலே போய்ப் பார்த்தால் அது ஒரு தெரு. நல்ல அகலம். இரண்டு பக்கமும் முடிவு தெரியவில்லை. வெயிலும் இல்லை, இருட்டும் இல்லை. ஒரு அம்மாள் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"தணிகாசலம் சாரைங்க."

"மியூட்ல பேசுவாரே, அவரா?" அந்த அம்மாள் துடைப்பத்தால் ஓரத்தைக் காட்டினாள். சுவரோரமாக இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. "மைக்கை அணைச்சிட்டுப் பேசுறதெல்லாம் இங்கதான் வந்து விழுது. நான்தான் அள்ளணும். அந்தக் குவியல் பூரா அவருதான். நல்ல மனுஷன். கெட்ட வார்த்தையே கிடையாது."

செங்கமலம் குனிந்து ஒரு கை அள்ளிக் காதருகே கொண்டுபோனாள். 'அவ்வளவுதாங்க'வுக்கு மேல் அவர் குரலை அவள் அப்போதுதான் கேட்டாள். சன்னமான குரல்.

"மன்னிச்சுக்குங்க மேடம், இன்னைக்கும் உங்க மேல சிந்திட்டேன்."

இன்னொரு கை அள்ளினாள்.

"இன்னைக்கு நீங்க சாப்பிடலை போலிருக்கே."

இன்னொன்று.

"பேச்சு ஒண்ணுமில்லை மேடம். சும்மா வாயை அசைச்சா நீங்க நிமிர்ந்து பாக்குறீங்க, அதான்."

செங்கமலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையை விரித்தாள்.

"எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா" என்றாள் அந்த அம்மாள். "கேட்டுட்டு வெச்சிரணும்."

வைத்துவிட்டாள்.

தணிகாசலத்தின் கட்டத்துக்குள் கீழிருந்து நுழைந்தாள். உறைந்த தணிகாசலம் ஒரு துணி. வாசல் திரை மாதிரி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. பலகையில் உட்கார்ந்து தணிகாசலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மேலே கூட்டத்துச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி.

"யாரு?"

"செங்கமலங்க. கீழ இருக்கறேன்."

அவர் எழுந்து நின்றார். அவளை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"நீங்க இவ்வளவு உயரமா?"

"ஆமாங்க."

"தெரியவே இல்லையே."

"உங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"நெட் போச்சு. திரும்ப வர்றதுக்குள்ள இவரு வந்து உட்கார்ந்துட்டாரு." தொங்கிக்கொண்டிருந்த தன்னைக் காட்டினார். "வேலையெல்லாம் அவரே பாத்துக்குறாரு. சரி, எங்கய்யா தணிகாசலம்னு யாராவது கேட்பாங்க, கேட்டதும் போய்க்கலாம்னு இருந்தேன்."

"நான் கேட்டேங்க."

"இங்க கேக்கலையே."

செங்கமலம் யோசித்தாள். "மைக்கை அணைச்சிட்டுக் கேட்டிருப்பேனுங்க" என்றாள்.

அவர் உப்புமா கிண்டினார். ஒரே தட்டுதான் இருந்தது. அவர் மூடியில் போட்டுக்கொண்டார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவ்வளவு காலம் ஒரே பக்கத்தில் எழுதியவர்கள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். அங்கே சுவர் இருந்தது.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "அந்தப் போர்வை உங்களைத் 'த' போட்டு நிறுத்திட்டீங்களே. என்ன எழுத வந்தீங்க?"

"தழுவும்னு எழுத வந்தேன். அப்புறம், தனியா விடாதுன்னு எழுதலாமான்னு தோணுச்சு. யோசிக்கும்போது நெட் போச்சு."

"ரெண்டுல எதுங்க?"

"இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்."

காலைக் கூட்டத்துக்கு நேரமானது. இருவருமாகச் சேர்ந்து துணியை இறக்கி மடித்து வைத்தார்கள். நாற்காலி ஒன்றுதான். அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். செங்கமலத்துக்குத் தன் முழங்கை இன்னொரு முழங்கையில் படுவது புதிதாக இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு கட்டத்துல ரெண்டு பேரு இருக்கீங்க."

"ஆமாங்க" என்றார் தணிகாசலம்.

"கூட்டாளி ஒத்துக்காதே. ஒரு கட்டத்துக்கு ஒரு ஆளுதான்."

"அக்கா" என்று ஹபீபா கூப்பிட்டாள். "உங்க கட்டத்துல ஆள் இல்லாம அது சுருங்குதுக்கா. உங்க சமையல்கட்டுச் சுவர் கட்டிலுக்கிட்ட வந்துருச்சு."

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். அவள் வீடு அமைதியாகச் சின்னதாகிக்கொண்டிருந்தது. பீரோ வாசல்படிக்கு வந்துவிட்டது. விரித்த குடை இரண்டு சுவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"முழுசா மூடிருச்சுன்னா அப்புறம் திறக்க முடியாது" என்றார் முதலாளி. "யாராவது ஒருத்தர் போங்க. யாருன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

"நான் போறேனுங்க" என்றாள் செங்கமலம். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

தணிகாசலம் எழுந்துவிட்டார். "நீங்க ஏறி வந்த களைப்புல இருக்கீங்க. இறங்குறது சுலபம்தான். நான் போறேன் மேடம்."

அவர் மரியாதையானவர். அவள் என்ன சொல்வது என்று தேடுவதற்குள் ஒரு பையில் இரண்டு கைலியை வைத்துவிட்டார்.

"சாவி, மேடம்?"

"கதவு திறந்துதாங்க இருக்குது. அடுப்புல இடது பக்கத்துப் பர்னர் எரியாது."

"இங்க ரெண்டும் எரியும்" என்று அவர் சொன்னார். ஏணியில் இறங்கினார். அவர் தலை கறுப்புத் தெருவுக்குக் கீழே மறைந்தது. சுவர்கள் நின்றன. பீரோ தன் இடத்துக்குத் திரும்பியது. ஹபீபா ஏணியை வாங்கிக்கொண்டாள்.

"இதுக்குப் பேருதான் டீம் ஒர்க்" என்றார் முதலாளி.

அதன்பிறகு செங்கமலம் கும்பகோணத்தில் இருந்தாள். கட்டத்தின் அடியில் தணிகாசலம் என்று போட்டிருந்தது. மஞ்சள் குச்சி அவளுடையது. போர்வைகளைப் பற்றி எழுதினாள். கீழே செங்கமலம் என்ற பெயருக்கு மேலே அவர் உட்கார்ந்து குறைகளுக்குப் பதில் எழுதினார். இருவருக்கும் நடுவில் முன்பு இருந்த அதே தூரம்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் ராஜாமணி என்றொரு பெண் இருந்தாள். குழாயில் தண்ணீர் வந்ததும் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவது அவள் வழக்கம். முதல்நாள் கதவைத் திறந்த செங்கமலத்தை ராஜாமணி நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"என்ன தணிகாசலம், இப்படி இளைச்சிட்டே?"

"ஆமாங்க்கா."

"வேளாவேளைக்குச் சாப்பிடு. குடத்தை எடுத்துட்டு வா."

செங்கமலத்துக்கு அது பிடித்திருந்தது. அதன்பிறகு தினமும் தட்டுவதற்கு முன்பே குடத்தைக் கதவருகே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருநாள் கூட்டாளியில் பச்சைக் குச்சி அவள் எழுதிக்கொண்டிருந்த வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓரத்தில் ஒரு குறிப்பு விழுந்தது.

'மேடம், இங்க கதவை யாருமே தட்ட மாட்டாங்களா?'

செங்கமலம் அதைப் படித்தாள். சென்னிமலை வீட்டுக் கதவை நினைத்துப் பார்த்தாள். 'கேஸ் சிலிண்டர் வரும்போது தட்டுவாங்க' என்று எழுதினாள். அழித்தாள். 'கொஞ்ச நாள்ல பழகிரும்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். 'நான் வந்து தட்டட்டுங்களா' என்று எழுதினாள். அவள் போய்த் தட்டினால் அவர் கதவைத் திறப்பார். திறந்ததும் இருவரில் ஒருவர் கிளம்ப வேண்டியிருக்கும். அழித்தாள்.

வாசலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜாமணி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். செங்கமலம் எழுந்திருக்கவில்லை. விரலை எழுத்துப் பலகையிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே சென்னிமலையில், அவர் முன்னால் இருந்த திரையில், 'தணிகாசலம் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.