இருநூறு வார்த்தைக்குள் ஒரு சாவு

மோகனப்ரியாவின் விண்ணப்பத்தில் அவளுடைய அப்பா ரகுபதி செத்துப்போயிருந்தார். எண்ணூர்க் குப்பத்து வீட்டிலோ மனுஷன் சப்பணம் போட்டு உட்கார்ந்து, காரப்பொடி மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொன்றது அவளேதான். நுரையீரல் சிகிச்சையில் ஃபெலோஷிப் இடம் மொத்தமே இரண்டு, எம்.டி. முடித்த நூற்றுக்கணக்கான பேர் அடித்துக்கொள்கிற இடம். நுழைவுத் தேர்வில் இவள் நூற்றுக்கு நாற்பத்தொன்று, அதுவும் இரண்டாம் தடவை. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சளி எந்த மூலையில் கிடக்கிறதென்று சொல்லிவிடுவாள். நாலு விடையில் ஒன்றைத் தொடு என்றால் தப்பானதைத்தான் தொடுவாள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: மதிப்பெண் குறைவு என்றால் காரணத்தை இருநூறு வார்த்தைக்குள் எழுதவும்.

"மார்க்கு கம்மின்னா ஒரு சாவு வேணும்மா," என்றான் வெற்றி. போன வருஷம் இடம் பிடித்த வியாசர்பாடி சீனியர். "உங்க நைனாக்குதான் இருமல் கீதே. எக்ஸாமுக்கு மொத நாளு தூக்கிடு. எவன் வந்து சர்டிபிகேட் கேக்கப் போறான்."

சே, இதெல்லாம் ஒரு யோசனையா என்று அன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தாள். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினாள். அனல்மின் நிலையத்திலிருந்து ஆற்றில் கலக்கும் சாம்பல், அந்த ஆற்றிலேயே மீன் பிடித்தவரின் இறுகிப்போன நுரையீரல், கடைசி மூச்சு, தேர்வு மண்டபத்தில் கண்ணீர். நூற்றுத் தொண்ணூற்றெட்டு வார்த்தை. கருமம், நன்றாகவே வந்திருந்தது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ரகுபதி சும்மா இருப்பாரா? இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வர்றேன், வெளிய குந்திக்கினு இருப்பேன்," என்று பஸ் ஏறிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

உள்ளே தலைமைப் பேராசிரியர் செல்வநாதன் மதிப்பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க கட்டுரைய வீட்டுல வாய்விட்டுப் படிச்சேம்மா. என் மனைவி அழுதுட்டாங்க." மற்ற இருவரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போலத் தலையாட்டினார்கள். "தேங்க்ஸ் சார்," என்றாள் மோகனப்ரியா.

வாசல்வரை வந்து வழியனுப்பியது செல்வநாதனின் பெருந்தன்மை. அங்கே இருமல் கேட்டது. பெஞ்சிலிருந்து ரகுபதி எழுந்து கும்பிட்டார்.

"இவர்?"

நைனா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "எங்க பெரியப்பா சார்."

ரகுபதி மகளை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். "ஆமா சார். தம்பி பொண்ணு."

"உங்க தம்பியப் பத்திப் படிச்சேன். ரொம்பச் சங்கடமாப் போச்சு."

"நல்ல மன்சன் சார்," என்றார் ரகுபதி.

செல்வநாதன் நின்ற இடத்திலேயே ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தார். முகம் மாறியது. "வியாழக்கிழமை ஓ.பி.க்கு வாங்க. தம்பி மாதிரி விட்டுடாதீங்க."

பஸ் ராயபுரம் தாண்டும்வரை, ஓங்கி ஒன்று வைப்பார் என்று காத்திருந்தாள். வைத்திருந்தால் தேவலை.

"நா எப்டி செத்தேன்?" என்று கேட்டார்.

சொன்னாள்.

"சாம்பலா. ஆத்துல எறங்கி இறா தடவிப் புடிச்சவனுக்கு வேற இன்னா வரும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சீட்டு கெடைச்சுடுமா?"

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நா போயி உண்மையச் சொல்லிடறேன் நைனா."

"சொல்லி? சீட்டும் பூடும், பேரும் பூடும். சொம்மா குந்து."

சொம்மா குந்தினாள், அதுதான் அசிங்கம். புதன்கிழமை பட்டியல் வந்தது, இரண்டு பேரில் இவள் ஒருத்தி. உன் கட்டுரையை ஜூனியர்களுக்கு மாதிரியாக அனுப்பட்டுமா என்று வெற்றி கேட்டிருந்தான். தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

வியாழக்கிழமை ஓ.பி. கவுண்டரில் பெயர் கேட்டார்கள். விண்ணப்பத்தில் இறந்த அப்பாவின் பெயர் ரகுபதி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "மண்ணாங்கட்டி."

கடலுக்குப் போய்த் திரும்பாத அவருடைய அண்ணன் பெயர் அது. முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போக, இதையாவது எமன் சீண்டாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர். ஓ.பி. சீட்டில் அப்படியே ஏறியது.

மாலையில் ஸ்கேன் படம் வந்தது. மூலையில் மண்ணாங்கட்டி, வயது 58. இரண்டு நுரையீரலும் அடியிலிருந்து இறுகிக் கிடந்தன. அவள் கட்டுரையில் எழுதியிருந்த அதே நோய்.

"பெரியப்பாதானே, நீங்களே சொல்லிடுங்க," என்றார் செல்வநாதன். "உங்க அப்பாவுக்கு இதே நோயப் பாத்தவங்க. எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்."

மோகனப்ரியா கதவைத் திறந்தாள். பெஞ்சு நிறைய நோயாளிகள், நடுவில் அவர்.

"பெரியப்பா," என்று கூப்பிட்டாள்.

ரகுபதி திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான், அது தன்னைத்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.