இரண்டு சேவுகப்பெருமாளுக்கு ஒரு நோட்டு

யோகலட்சுமிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நாச்சியாபுரத்திலிருந்து தினம் பஸ் ஏறி வந்து, காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் பதினோரு வருஷம் தூசி தின்றவள் அவள். அவளைக் கூப்பிட்டு, பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறோம், திட்டத்தை நீயே போடு என்று நிர்வாகி ஸ்ரீதர் சொன்னால் தலை நிமிரத்தானே செய்யும்?

அதுவரை அந்த அறையை நடத்தியவர் ஆசைத்தம்பி. ஒவ்வொரு நோயாளிக்கும் அட்டை போட்ட ஒரு கோப்பு. ஊர்ச்சனம் அதை நோட்டு என்றுதான் சொல்லும். யார் ஜன்னலில் வந்து நின்றாலும் ஆசைத்தம்பி பெயரைக் கேட்க மாட்டார். "எந்த வீடு?" என்றுதான் கேட்பார். கேட்காமல் என்ன செய்வது? இந்தப் பக்கம் தலைப்பிள்ளைக்குத் தாத்தன் பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர். யோகலட்சுமியின் வீட்டிலேயே அப்பத்தா பெயரில் மூன்று ராக்காயிகள் உண்டு. அதனால் ஆசைத்தம்பி அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு குறிப்புப் போட்டு வைப்பார். மேலவீடு, கீழவீடு, பல்லன் மகன், செவலைமாட்டுக்காரர் பேரன் என்று என்னென்னவோ இருக்கும்.

அவர் ஓய்வுபெற்றுப் போனார். சென்னையிலிருந்து மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் 'பல்லன் மகன்' என்பதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். யோகலட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் போட்ட திட்டத்தில் பெயருக்கு ஒரு கட்டம், இனிஷியலுக்கு ஒரு கட்டம், முகவரி, வயது, போன் நம்பர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மூலையில் இருந்த பென்சில் எழுத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு நோட்டு இருந்தால் கம்ப்யூட்டரில் அதை ஒன்றாக்கிவிட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மார்ச்சில் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று கொடுக்கும் மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் அப்படிப்பட்ட இரட்டை நோட்டுகள் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பெனிக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். பெயர், இனிஷியல், முகவரி மூன்றும் ஒன்று, வயதும் இரண்டு வருஷத்துக்குள் என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா? சென்னைக்காரனுக்கு என்ன தெரியும், பாவம், அவன் கேள்வியாகத்தான் கேட்டான். 'ஆம்' என்று குறி போட்டவள் மூன்று ராக்காயிகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். ஆயிரத்து நூற்று இருபத்தேழு நோட்டுகள் ஒரே ராத்திரியில் ஒன்றோடொன்று சேர்ந்தன. மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துவிட்டு அறிக்கையில் ஓகோ என்று எழுதியது. ஸ்ரீதர் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

ஜூன் மாதம் வலையபட்டியிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். மண்வெட்டி பட்டுக் கால் வீங்கியிருந்தது. நா. சேவுகப்பெருமாள், வயது நாற்பத்தாறு. டாக்டர் திரையைப் பார்த்தார். மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை, போன வருஷம்கூட பென்சிலின் போட்டிருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை என்று இருந்தது. ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் மூச்சு முட்டியது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் சாவு புதிதில்லை. யோகலட்சுமியும் அந்தக் கோப்பில் 'மரணம்' என்று குறித்து மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். இறப்புச் சான்றுக்கு ஆஸ்பத்திரித் தாள் வேண்டுமாம், அப்படியே தனக்கும் சர்க்கரை மாத்திரை எழுதி வாங்க வேண்டுமாம். பெயரைக் கேட்டு யோகலட்சுமி தட்டினாள். திரையில் 'மரணம்' என்று வந்தது. நீங்கள் கேட்கிற பெயர்க்காரர்தான் இறந்துவிட்டாரே, உங்கள் பெயர் என்ன என்று மறுபடி கேட்டாள்.

"நானும் நா. சேவுகப்பெருமாள்தாம்மா. செத்தது எங்க பெரியப்பா நாகநாதன் மகன். நான் நாகரத்தினம் மகன். ஒரே கதவு நம்பருதான், அது மேலவீடு, நாங்க கீழவீடு."

எழுதிக் காட்டியதுபோல அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வருஷம் பென்சிலின் போட்டுக்கொண்டவர் இதோ எதிரில் நிற்கிறார். அவருடைய நோட்டு புதியது என்பதால் அது மேலே வந்து, செத்தவருடைய பழைய நோட்டு அதற்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

அவர் போகாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு பென்சிலின் ஆகாது என்பது குடும்பத்துக்கே தெரியுமாம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்து எழுதி வைத்தார்களாம். சேர்க்கிற அன்று நர்ஸ், எந்த மருந்தாவது ஆகாதா என்று கேட்டிருக்கிறாள். மதினி முத்துமாரி, எல்லாம் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சொல்லாமலே என் மகனைக் கொன்றுவிட்டாயே என்று பெரியம்மா நாள் முழுக்க ஏசுகிறாளாம். மதினி அதை மறுத்துக்கூடப் பேசுவதில்லையாம். சோறும் தின்பதில்லை.

மத்தியானம் ஸ்ரீதர் கூப்பிட்டார். மேசையில் அந்தச் சாவைப் பற்றி ஒரு பக்கம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'அனுமதியின்போது நோயாளியின் பதிவில் ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஏதும் இல்லை. உறவினரும் தெரிவிக்கவில்லை.' அதன் கீழே யோகலட்சுமி கையெழுத்துப் போட வேண்டும். அட, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! அந்த இரண்டு வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யோகலட்சுமி கீழவீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னாள். ஸ்ரீதர் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு, பழைய தாள்களை அரைக்க வெள்ளிக்கிழமை லாரி வருகிறது, அதற்கான பட்டியலிலும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிடு என்றார். சத்தம் போடவில்லை, மிரட்டவும் இல்லை. உனக்கும் ஒரு பெண் குழந்தை படிக்கிறது என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நேராகச் சாக்கோட்டை ரோட்டுக் குடோனுக்குப் போனாள். பழைய நோட்டுகளெல்லாம் அங்கேதான் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. மூன்று மணி நேரம் பிரித்துத் தேடினாள். புடவையெல்லாம் ஒட்டடை. கடைசியில் கிடைத்தது. மூலையில் பென்சிலால் 'மேலவீடு'. அட்டையின் குறுக்கே சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'பென்சிலின் ஆகாது'. அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். வேலைக்காக அழுதாளா, செத்தவனுக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

எழுந்ததும் முதல் காரியமாக, தன் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகக் கூடாது என்று குடோன்காரரிடம் எழுதிக் கொடுத்தாள். இன்னும் ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேருடைய உயிர் அந்த மூட்டைகளில் கிடக்கிறது. பிறகு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வலையபட்டி பஸ்ஸில் ஏறினாள்.

முத்துமாரி பின்கட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். வெறும் எலும்பு. யோகலட்சுமி தான் யார் என்று சொன்னாள். முத்துமாரி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கையெழுத்து வாங்க வந்திருக்கீகளா? கொடுங்க, போடுறேன். நான் சொல்லாம விட்டது நெசந்தான்."

யோகலட்சுமி நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். சிவப்பு எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். நீங்கள் சொன்னது சரிதான், நோட்டில் இருந்தது, அதைத் தம்பியுடைய நோட்டோடு சேர்த்து மறைத்தது நான், பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று குறி போட்டது நான் என்று சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது வாயிலேயே வரவில்லை.

முத்துமாரி அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்லக்கா. நான்தான்."

முத்துமாரி அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்தது பீறிட்டுக்கொண்டு வந்தது. புருஷன் பெயரைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். யோகலட்சுமி அவளைத் தொடப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் தூக்கி யோகலட்சுமியின் கையில் திணித்தாள்.

"எந்திரிங்க. முன்கட்டுல எங்க அத்தை இருக்கு, பங்காளியெல்லாம் இருக்காக. இப்ப எங்கிட்டச் சொன்னதை அங்குட்டு வந்து சொல்லுங்க. அத்தைக்குக் காது மந்தம். நல்லாச் சத்தமா சொல்லணும்."

யோகலட்சுமி எழுந்து அவள் பின்னால் போனாள். முன்கட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். நடுவில் கிடந்த பாயில் அத்தை சுருண்டு படுத்திருந்தாள். முத்துமாரி குனிந்து மாமியாரை எழுப்பி உட்கார வைத்தாள்.

யோகலட்சுமி ஒரு முறை சொன்னாள். கிழவி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை, யார் கொன்றது என்றாள்.

இரண்டாவது முறை அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.